பாதிரிமார் சரித்திரத்தில் வீடு எங்கே?

நூல் வகைகளுள் பாதிரிமார் சரித்திரம் என்பது ஒன்று. ஆங்கிலத்தில் இவை நூற்றுக்கணக்கில் உண்டு. தமிழிலும் சில உண்டு. இவற்றுள் பத்து நூல்களைப் படித்தவர் பதினோராவது நூலின் போக்கைப் படியாமலே சொல்லிவிடலாம். முதலில் இளமையில் உண்டான அழைப்பு. அடுத்துக் கப்பல் யாத்திரை. பின்னர்க் காய்ச்சலும் பாஷைப் பயிற்சியும் ஊராரின் எதிர்ப்பும். முடிவில் இத்தனை பள்ளிக்கூடங்கள், இத்தனை கோயில்கள், இத்தனை ஞானஸ்நானங்கள் என்னும் கணக்கு. இடையே ஓரிடத்தில், இன்ன ஆண்டில் இவருக்கு விவாகம் நடந்தது என்று ஒரு வாக்கியமும், பின்னொரு பக்கத்தில், இன்ன ஆண்டில் அம்மையார் காலமானார் என்று ஒரு வாக்கியமும் காணப்படும். இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே அந்த அம்மையார் என்ன செய்துகொண்டிருந்தார், அடுப்பை யார் மூட்டினார், குழந்தையை யார் தூக்கினார், சம்பளம் போதாத மாதத்தில் எந்தச் செலவைக் குறைத்தனர் என்று கேட்டால், சரித்திரம் வாய் திறப்பதில்லை. அக்கேள்வியையே இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

சீர்திருத்தம் பேசும் ஒரு பத்திரிகைக்குப் பாதிரியார் வீட்டுக் கதை எதற்கு என்று வாசகர் சிலர் வினவலாம். எந்த மதம் உயர்ந்தது என்னும் வாதத்தில் நாம் இறங்கப்போவதில்லை. ஒரு கொள்கை மேடையில் எப்படி ஒலிக்கிறது என்பதைவிட, வீட்டுக்குள் நுழைந்தபின் அஃது என்னவாகிறது என்பதே அதற்குச் சரியான பரீட்சை என்பது நமது துணிபு. சமத்துவம் பேசுகிறவர் வீட்டில் வேலைக்காரிக்கு எத்தட்டில் சோறு வைக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். இப்பரீட்சையைப் பாதிரிமாருக்கு மட்டும் வைத்து, நமக்கு வையாமல் விடுவதும் நியாயமன்று.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். பினாங்கில் இன்று லிட்டில் இந்தியா என்று வழங்கும் தெருக்களுள் குவீன் தெருவில், 1833ஆம் ஆண்டில் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. பூமாலைக் கடைகளையும் பாத்திரக் கடைகளையும் கடந்து வடக்கே சில நிமிஷம் நடந்தால், 1818இல் கட்டிமுடித்த செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தின் வெண்டூண்கள் தோன்றும். அதற்கும் அப்பால், ஈழத்தலரி மரங்களின் நிழலில், பழைய புரொட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்குள்ள கற்களைப் படித்துப் பார்ப்பவர்க்கு ஒன்று விளங்கும். அக்காலத்தில் இத்தீவுக்கு வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களில் மனைவியரும் மழலைகளும் மடிந்தது விரைவு. அவர்களைப் பற்றிக் கல் சொல்வது சுருக்கம்.

லண்டன் மிஷன் சங்கத்தார் தாமஸ் பெய்ட்டன், ஜான் இன்ஸ் என்னும் இருவரை 1819இல் பினாங்குக்கு அனுப்பினர். இன்ஸ் 1825இல் இங்கேயே மாண்டார். அவர் மனைவியார் அவருக்கும் முன்னரே இறந்தார். பெய்ட்டன் 25 ஆண்டுகள் பள்ளியும் அச்சுக்கூடமும் நடத்தி, 1844இல் இங்கேயே உயிர் நீத்தார். அவர் மனைவியார் வீட்டையும் நடத்திப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். 1842ஆம் ஆண்டின் நான்கிங் உடன்படிக்கையால் சீனத்தின் கதவு திறந்ததும், சங்கத்தார் தம் கவனத்தை அப்பக்கம் திருப்பினர். கால்நூற்றாண்டுக் குடும்ப வாழ்வு முழுதும் ஓர் இடைத்தங்கலாக எண்ணப்பட்டது. ஞானஸ்நானக் கணக்கைக் கொண்டு பார்த்தால் பெய்ட்டனின் பணி சிறிதே. அவ்வீட்டில் எழுத்தறிந்த சிறுமிகளின் கணக்கைக் கொண்டு பார்த்தால் முடிவு வேறாகலாம். ஆனால் சரித்திரக்காரர் கையில் எடுத்தது முதற் கணக்கையே.

இதே காலத்தில் வேறொரு பாதிரியாரும் பினாங்குக் கரையில் இறங்கினார். அவர் சார்லஸ் மீட். 1816இல் திருவிதாங்கூருக்கென்று இங்கிலாந்திலிருந்து புறப்பட்டுச் சென்னை சேர்ந்தார். மனைவியின் நோய் காரணமாகப் பினாங்குக்குக் கப்பலேறி வந்தார். அம்மையார் இங்கே இறந்தார். மீட் தாயற்ற கைக்குழந்தையோடு மீண்டும் கப்பலேறி, நாகர்கோயில் போய்ச் சேர்ந்தார். பின்னர் அவர் செய்த காரியங்களை நாஞ்சில் நாட்டார் நன்கறிவர். அந்தக் கப்பலில் அக்குழந்தைக்குப் பால் கொடுத்தது யார் என்பதை மட்டும் எந்நூலிலும் நாம் காணவில்லை. மீடிடம் பின்னர் மீண்டு வருவோம். அவர் வாழ்வின் கடைசிப் பகுதி நம் கேள்விக்கு மிகவும் வேண்டியது.

இத்தகைய மௌனத்தை உடைத்த நூல்கள் உண்டா எனின், உண்டு. அவற்றுள் தலையாயவை அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக் 1936இல் வெளியிட்ட இரண்டு நூல்கள் என்பது நமது அபிப்பிராயம். ஒன்று தம் தாயைப் பற்றியது. ‘தி எக்ஸைல்’ என்பது அதன் பெயர். தமிழில் ‘நாடு நீங்கியவள்’ எனலாம். மற்றது தந்தையைப் பற்றியது. ‘ஃபைட்டிங் ஏஞ்சல்’, அதாவது ‘போர் செய்யும் தேவதூதன்’. இவர் பெற்றோர் 1880இல் விவாகம் செய்துகொண்டு சீனத்துக்குச் சென்ற பிரஸ்பிட்டேரியன் பாதிரிக் குடும்பத்தார். நூல்களில் அவர்களுக்குக் கேரி என்றும் ஆண்ட்ரூ என்றும் பெயர். 1938இல் பேர்ல் பக்குக்கு நோபல் பரிசளித்தவர்கள், சீனக் குடியானவரைப் பற்றிய அவர் நாவல்களோடு இவ்விரு சரித்திரங்களையும் சேர்த்தே பாராட்டினர். நம்மவரோ ‘நல்ல பூமி’யைச் சொல்வார்கள், இவற்றைச் சொல்வார் அரியர்.

தாயின் கதையில் வருவன யாவும் சிறு விஷயங்கள். எந்த ஊருக்கு மாறினாலும் கேரி முதலில் தரையைத் தேய்த்துக் கழுவுகிறாள். ஜன்னலுக்கு வெண்டிரை தைக்கிறாள். தன் தாய்நாட்டுப் பூச்செடிகளை நடுகிறாள். செடி பூக்கும் முன்னரே கணவனுக்கு வேறோர் ஊரிலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. பிறந்த எழுவரில் நால்வர் இளமையிலேயே மடிகின்றனர். கணவனோ வேதாகமத்தைச் சீனப் பேச்சுமொழியில் பெயர்க்கத் தொடங்குகிறான். அச்சுச் செலவுக்கு வீட்டுப் பணம் போகிறது. அவ்வளவு ரூபாய்க்கும் கேரியே மிச்சம்பிடிக்கிறாள். ஓர் உயர்ந்த காரியத்துக்கு வேண்டிய பணம் குழந்தைகளின் உடையிலிருந்தும் உணவிலிருந்தும் எப்படிச் சுரண்டப்படுகிறது என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன நூல் வேறொன்றை நாம் படித்ததில்லை. பொதுநலம் என்று சொல்லி வீட்டரிசியை எடுத்துச் செல்லும் தலைவர்கள் நம்மிடையேயும் உண்டாகையால், இப்பக்கங்கள் நமக்கு அந்நியமாகத் தோன்றா.

தந்தையின் கதையில் ஒரு செய்தி வருகிறது. ஆண்ட்ரூ தம் முதுமையில் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். அஃது இருபத்தைந்து பக்கத்தில் முடிந்துவிட்டது. அது முழுதும் அவர் ஆத்மாவின் பிரயாணம். விவாகத்துக்குத் தேதி மட்டும் உண்டு. பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதுமிடத்தில், இறந்துபோன ஒரு சிறு மகனின் பெயரை எழுதவே மறந்துவிட்டார். அப்பிள்ளை தாய்க்கு மிகவும் அருமையானவன். இச்செய்தியை மகள் கோபத்தோடு சொல்லவில்லை. அருகிலிருந்து கண்டவர் குரலில், ஏறக்குறையச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நாம் முதலிற் சொன்ன பாதிரிமார் சரித்திரங்கள் அனைத்தின் குறையும் இந்த ஒரு மறதியில் அடங்கியிருக்கிறது.

இவ்விரு நூல்களுள் எது சிறந்தது என்று கேட்டால், தந்தையினதே என்போம். தாயின் கதையில் அன்பு மிகுந்து, சில இடங்களில் ஆராய்ச்சி குறைந்துவிடுகிறது. கேரி செய்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது. தந்தையிடம் மகளுக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. அதனாலேயே அவரைப் பற்றி நீதியாக எழுத முடிந்திருக்கிறது. அவருடைய கல்வி, அஞ்சாமை, தம் உடற்சுகத்தையும் எண்ணாத எளிமை எல்லாம் குறையாமல் வந்துள்ளன. அவற்றுக்கு வீட்டார் கொடுத்த விலையும் வந்துள்ளது. வெறுப்போடு எழுதியிருந்தால் வசைநூலாகியிருக்கும். பக்தியோடு எழுதியிருந்தால் நாம் முன் கண்ட வகையோடு ஒன்றாகியிருக்கும். நூலாசிரியர் தாமே மிஷன் சபையோடு மாறுபட்டு 1933இல் அதைவிட்டு விலகியவர் என்பதையும் நினைத்தால், இந்நிதானம் எளிதில் வந்ததன்று என்று தெரியும்.

இது நிற்க. நம் தமிழ்நாட்டிலேயே இத்தகைய ஒரு குடும்பம் வாழ்ந்தது. சேலத்துக்குத் தெற்கே கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரும் அவர் மனைவி எவெலினும் 1913இல் இல்லறம் தொடங்கினர். 1914இல் மகன் பால் பிறந்தான். பின் ஒரு மகள். மலைமக்களுக்கு மருந்து கொடுத்தனர்; தச்சு வேலை கற்பித்தனர்; பள்ளி வைத்தனர். ஆயினும் பல ஆண்டுகள் அவர்கள் உபதேசத்துக்கு ஒருவரும் செவி சாய்க்கவில்லை. 1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைமேலும் ஏறியது. அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி மரணப் படுக்கையில் தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்புவித்தார். அதன் பின்னரே மலைமக்கள் மனம் மாறலாயினர். பல்லாண்டுப் பிரசங்கம் செய்யாததை ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டியது செய்தது. அப்படியானால் மிஷன் என்பது எங்கே நடந்தது? பிரசங்க மேடையிலா, அடுக்களையிலா?

1923இல் பெற்றோர் தம் இரு பிள்ளைகளையும் படிப்புக்காக லண்டனில் தாயின் சகோதரிமாரிடம் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினர். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. 1929இல் தந்தை காய்ச்சலால் இறந்தார். அச்செய்தி தந்தியில் வந்தது. அதற்குப் பின்னும் கப்பல் தபாலில் தந்தையின் கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. இறந்தவர் கையெழுத்தில், மலையின் மரங்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் எழுதிய கடிதங்களை அப்பதினைந்து வயதுப் பையன் எப்படிப் படித்திருப்பான் என்று எண்ணிப் பார்த்தால் போதும். அவனே பின்னாளில் 1946 முதல் வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிய கைகளைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். தாயார் எவெலினோ சங்கம் ஓய்வு கொடுத்த பின்னும் மலைகளைவிட்டு இறங்காமல், 1974இல் தம் 95ஆம் வயதில் இறந்து, கொல்லிமலையிலேயே அடக்கமானார்.

டாரதி கிளார்க் வில்சன் என்பவர் இம்மூதாட்டியின் வாழ்வை ‘கிரானி பிராண்ட்’ என்னும் பெயரால் 1976இல் நூலாக்கினார். படிப்பவர் மனத்தை உருக்கும் நூல் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரிவு வரும் இடங்களிலெல்லாம் தியாகம் என்னும் நோக்கே மேலோங்கி நிற்கிறது. தியாகம் யாருடையது? மலைக்குத் திரும்பியது பெற்றோரின் முடிவு. ஒன்பது வயதுச் சிறுவனை யாரும் சம்மதம் கேட்கவில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இது விசித்திரமான பேரேடாகத் தோன்றுகிறது. பற்று ஒருவர் பெயரிலும் வரவு வேறொருவர் பெயரிலும் எழுதப்பட்டிருக்கின்றன. பால் பிராண்ட் பெற்றோரைக் குறை கூறவில்லை என்பது உண்மை. அது அவருடைய பெருந்தன்மை. பிள்ளையின் பெருந்தன்மை பெற்றோரின் கணக்கை நேர் செய்துவிடாது.

இனி மீடிடம் திரும்புவோம். தென் திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள் மேலாடை அணிதல் கூடாதென்று உயர்ந்த சாதியார் தடுத்த காலம் அது. பாதிரிமார் மனைவியர் தம் வீட்டுத் தாழ்வாரங்களில் சிறுமிகளை வைத்துத் தையலும் லேஸ் பின்னலும் கற்பித்தனர். பெண்களுக்குக் குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டையைத் தைத்துக் கொடுத்தனர். அச்சட்டையின் மேலெழுந்த கலகம் பல பத்தாண்டுகள் நடந்து, 1859இல் அரசாங்க விளம்பரத்தால் ஒருவாறு தணிந்தது. ஒரு ராஜ்யத்தைக் குலுக்கிய போராட்டம் ஊசியும் நூலும் கொண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் தொடங்கியது என்பதைப் பெண் விடுதலை பேசுவோர் மறக்கலாகாது. இப்போராட்டத்தில் மீட் பெரும் பங்கு கொண்டவர்.

அந்த மீட், இரண்டாம் மனைவியும் இறந்தபின், 1850களின் தொடக்கத்தில் லோயிஸ் என்னும் சுதேசக் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். அவர் பறையர் குலத்தில் பிறந்தவர் என்று குறித்திருக்கிறார்கள். உடனே உடன் ஊழியர்களிடையே பெருங் கொந்தளிப்பு உண்டாயிற்று. முப்பதாண்டுக்கு மேல் உழைத்த மீட், சங்கத்தைவிட்டு நீங்க நேர்ந்தது. பின்னர்த் திருவிதாங்கூர் அரசாங்கத்தில் கல்வி உத்தியோகம் பார்த்து, 1873இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். மணமகனுக்கு அறுபதை நெருங்கிய வயது, மணமகளோ இளம் பெண் என்று ஆட்சேபிப்பவரோடு நாமும் சேர்ந்துகொள்வோம். அது நியாயமான ஆட்சேபம். ஆனால் அன்று எழுந்த கூச்சல் வயதைப் பற்றியது மட்டுமன்று. அக்குலத்துப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், சட்டை தைத்துக் கொடுக்கலாம், எழுத்தறிவிக்கலாம், குழந்தையைத் தூக்கும் ஆயாவாக வீட்டுக்குள் அழைக்கலாம். அவள் மேஜையின் தலைமாட்டில் துரைசானியாக உட்காரலாகாது. மேடையில் ஒலித்த சமத்துவம் வீட்டுப்படியில் நின்றுவிட்டது. லோயிஸ் என்ன நினைத்தார் என்பதையோ, நாம் படித்த நூல்களில் ஒருவரும் எழுதவில்லை.

இங்கேதான் நம் குற்றச்சாட்டு முழுமை பெறுகிறது. பாதிரிமார் சரித்திரம் மனைவியை மறந்தது. பேர்ல் பக் போன்றவர் அவளை மீட்டுக் கொண்டுவந்தனர். ஆயினும் அவ்வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். சீனத்தில் அவளுக்கு ஆமா என்று பெயர், நம்மிடையே ஆயா. பேர்ல் பக் தம் வீட்டு வாங் ஆமாவுக்குப் பெயரும் வரலாறும் கொடுத்தார். அதற்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அங்குங்கூட நாம் ஆமாவைக் கேரியின் கண்ணாற் பார்ப்பதே மிகுதி. கேரியை ஆமாவின் கண்ணாற் பார்ப்பது குறைவு. மற்ற நூல்களிலோ அவள் ‘விசுவாசமுள்ள வேலைக்காரி’ என்னும் இரண்டு சொல்லாகத் தேய்ந்துவிடுகிறாள்.

இதை நாம் புத்தகத்தில் மட்டும் கற்றதில்லை. நம் பாட்டியார் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரையின் குழந்தைகள் அவர் இடுப்பில் வளர்ந்தன. தமிழில் தாலாட்டுக் கேட்டுத் தூங்கின. ஏழு வயதில் அவற்றைச் சீமைக்குப் படிக்க அனுப்பியபோது, துரைசானி அழுதார், பாட்டியாரும் அழுதார். அக்காலமெல்லாம் பாட்டியாரின் சொந்த மகன், அதாவது நம் தந்தையார், லயத்தின் கோடியிலிருந்த ஆயாக் கொட்டகைத் தூளியில், வேறொரு கிழவியின் காவலில் வளர்ந்தார். துரைசானியின் பிரிவு ஏழாம் வயதில் நேர்ந்தது. அதைப் பற்றி அழகிய நூல்கள் உண்டு. பாட்டியாரின் பிரிவு ஒவ்வொரு நாளும் பிரட்டுக்கு மணியடிக்கும் விடியலில், அரை மைல் தூரத்துக்குள், கப்பலில்லாமலே நேர்ந்தது; அதற்கு ஒரு வரி கூட இல்லை. பழைய செக்ரோலில் அவர் பெயரும் வேலைசெய்த நாளும் சம்பளமும் இருந்திருக்கும்; வேறொன்றும் இராது.

இதற்குப் பாதிரிமாரையும் துரைமாரையும் மட்டும் நோவதிற் பயனில்லை. பாட்டியார் நம் வீட்டுத் திண்ணையில் பல ஆண்டுகள் உயிரோடிருந்தார். நாம் ஆங்கிலம் கற்று, கேரியின் துயரத்தைப் படித்துக் கண்ணீர் விட்டோமேயன்றி, அத்திண்ணையில் அமர்ந்து, “பாட்டி, அந்தக் காலத்தில் அப்பாவை யாரிடம் விட்டுப் போனீர்கள்? மனம் எப்படி இருந்தது?” என்று ஒரு நாளும் கேட்டோமில்லை. அவர் போனபின் கேட்பார் ஏது, சொல்வார் ஏது? தந்தை தன் பிள்ளையின் பெயரை எழுத மறந்ததைக் குறை கூறிய நாம், எழுத்தறிந்த பேரப்பிள்ளையாயிருந்தும் அதே மறதியைச் செய்தோம். பேர்ல் பக்கின் நூல்களிலிருந்து நாம் பெற்ற பெரும் பயன் இவ்வுணர்ச்சியே. நல்ல நூலானது பிறர் வீட்டைக் காட்டத் தொடங்கி, படிப்பவன் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

ஆகவே இந்நூல்களைப் படிக்கும்படி வாசகர்களை வேண்டுகிறோம். ஆங்கிலம் அறிந்தவர் படித்து, அறியாத வீட்டாருக்குக் கதையாகச் சொல்லலாம். தமிழிற் பெயர்க்க வல்லவர் ‘போர் செய்யும் தேவதூதன்’ ஒன்றையேனும் பெயர்க்கலாம். அதனினும் முதலிற் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தோட்டத்திலும் பட்டணத்திலும் பிறர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்த பாட்டிமார் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். இலக்கணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அழகைப் பற்றியும் வேண்டாம். இவ்வாரத்தில் ஒரு மாலை, ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் அவர்கள் பெயரை எழுதுங்கள். அடுத்து அவர்கள் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை, ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.